எட்டு மணிக்கும் ஆறு மணிக்கும்

பாங்காக்குக்குக் கல் வியாபாரத்துக்கு வரும் காயல்பட்டினத்துப் பையனுக்கு அன்றெல்லாம் முதல் வாரத்திலேயே சில பாடங்கள் உண்டு. ஹலால் சோறு எங்கே கிடைக்கும், தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்தில் எப்படிப் பதிய வேண்டும், தரகர் கொண்டுவரும் கல்லை எந்த ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் கடையில் யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். பாட்டு வந்தால் எப்படி நிற்பது என்பதை மட்டும் மூத்தவரான காக்காதான் சொல்லித் தருவார். அதை வேறு யாரிடமும் விட மாட்டார்.

நான் போனது 1993இல். சீலோம் பக்கம் மஹேசாக் சாலையில் கடை. பின்கட்டு அறையில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு, சுற்றி வந்து பார்த்தார்.

"கையக் கட்டாதே தம்பி. நெஞ்சுல கை கட்டுறது தொழுகைக்கு. இங்க ரெண்டு கையும் பக்கத்துல தொங்கட்டும். கையில பை இருந்தா இருக்கட்டும், கீழ வைக்கிறேன்னு குனியாதே. வாயை அசைக்காதே, உனக்கு வராத பாட்டு அது. முடிஞ்சதும் பாயாதே. அவங்க நகர்ந்த பொறவு நகரு."

"நிக்கலேன்னா போலீஸ் பிடிப்பாங்களா காக்கா?"

"போலீசுக்குப் பயந்து நிக்கிறவன் போலீஸ் இல்லாத எடத்துல உக்காந்துடுவான். பக்கத்துல ஒரு கிழவி நிப்பா பாரு, அவளுக்காக நில்லு."

அடுத்தவர் நாட்டுப் பாட்டுக்கு அந்நியன் எப்படி நிற்க வேண்டும் என்று எத்தனையோ கையேடுகள் எழுதியிருக்கின்றன. அமெரிக்கக் கொடிச் சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. கொடி ஏறும்போதும் இறங்கும்போதும் அந்நாட்டார் நெஞ்சில் கை வைக்க வேண்டும், பிற நாட்டுக் குடிமக்கள் விறைப்பாக நின்றால் போதும். நல்ல வரிதான். ஆனால் யாருக்காக நிற்கிறோம் என்பதை அது சொல்லவில்லை. காக்கா சொன்னார்.

சனிக்கிழமைகளில் சந்தபுரிக் கல் சந்தைக்குப் போவோம். பர்மாவின் மோங் ஷூவிலிருந்து மாணிக்கம் வந்து குவிந்த வருஷங்கள் அவை. அதைச் சந்தபுரிக்காரர்கள் சூட்டில் வைத்து நிறம் தெளிவித்தார்கள். எங்கள் பஸ் எக்கமாய் நிலையத்திலிருந்து புறப்படும். சரியாகக் காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு குரல் நேரத்தைச் சொல்லும். உடனே பித்தளை வாத்தியங்கள் எழும். நூடுல்ஸ் கடைக்காரி கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். சீட்டுக் கொடுக்கும் பெண் பாதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். சுமைக்காரர், சீருடைப் பிள்ளைகள், ராணுவ இளைஞன், தூக்கக் கலக்கத்தில் முதுகுப்பையோடு நின்ற ஐரோப்பியப் பயணிகள், நான். வெளியே சாலையில் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நின்றது காலில் நடந்தவர்கள்தான். ஏறத்தாழ ஒரு நிமிடம். அது முடிந்த நொடியில் நிலையம் மறுபடி இரைந்தது.

மாலை ஆறு மணிக்கு லும்பினி பூங்காவில் இன்னும் ஆச்சரியம். நூற்றுக்கணக்கானவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஒரு பக்கம் இசைக்குச் சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள். ஆறு அடித்ததும் அத்தனை பேரும் வியர்வை வழிய அப்படியே நிற்பார்கள். மார்கழி வாக்கில் அந்த ஆறு மணியும் மஃரிப் தொழுகை வேளையும் நெருங்கி வரும். பள்ளிவாசலுக்கு விரைந்துகொண்டிருப்போம், வழியில் பாட்டு எழும், நிற்போம். தொழுகைக்குத் தாமதமாகிறதே என்று காக்கா ஒருநாளும் பதறியதில்லை.

தாய்லாந்தில் இரண்டு பாட்டு உண்டு. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். எட்டு மணிக்கும் ஆறு மணிக்கும் வருவது தேசிய கீதம். 1932 புரட்சியில் மன்னராட்சி அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டபோது பிறந்த மெட்டு அது. அமைத்தவர் பிரா சென்துரியாங். ஜெர்மானிய வழித் தந்தைக்கும் மோன் இனத் தாய்க்கும் பிறந்தவர், இயற்பெயர் பீட்டர் ஃபைட். இன்று பாடும் வரிகள் 1939இல் வந்தவை. சயாம் என்ற பெயர் தாய்லாந்து என்று மாறிய ஆண்டு. பிபூன் சொங்க்ராம் என்ற ராணுவப் பிரதமர் அன்று வரிசையாகப் பண்பாட்டு ஆணைகள் பிறப்பித்தார். கொடிக்கும் பாட்டுக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்பது அவற்றில் நான்காவது. நான் எக்கமாயில் பார்த்துச் சிலிர்த்த அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் ஓர் அரசாணை இருந்தது. அதை அறிந்தபோது என் சிலிர்ப்பு குறையவில்லை. ஆணை போட்டவர் எப்போதோ நாடு கடந்து போய் ஜப்பானில் இறந்தார். நூடுல்ஸ் கடைக்காரி அவருக்காகவா நின்றாள்?

மற்றது அரச கீதம். சினிமாவில் படம் தொடங்கும் முன் வருவது இதுதான். ஷுரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் இசை, இளவரசர் நரிசரரின் வரிகள், பிறகு மன்னர் ஆறாம் ராமர் திருத்தியது. 1932 வரை இதுவே நாட்டுப் பாட்டாகவும் இருந்தது. இரண்டுக்கும் நிற்கும் விதம் ஒன்றுதான் என்றாலும், சட்டத்தின் எடை வேறு. மன்னரை அவமதித்ததாகக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் வழக்கு வந்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. அந்நியருக்கும் அதே சட்டம்தான்.

நான் அரச கீதத்துக்கு முதலில் நின்றது ஸ்காலாவில். சயாம் சதுக்கத்தில் 1969 கடைசி நாளில் திறந்த அரங்கு; வளைந்த படிக்கட்டு, கூரையிலிருந்து அடுக்கடுக்காகத் தொங்கும் சரவிளக்கு, மஞ்சள் கோட்டும் கறுப்பு போ டையும் அணிந்து டார்ச் அடித்து இருக்கை காட்டும் பெரியவர்கள். விளம்பரங்கள் ஓடி முடிந்ததும் எழுந்து நிற்கச் சொல்லும் எழுத்து திரையில் வரும். அரங்கம் ஒரே அசைவில் எழும். பூமிபோல் மன்னர் கழுத்தில் கேமராவோடு கிராமத்துச் சேற்றில் நடப்பார், வரைபடத்தை விரித்து விவசாயிகளிடம் பேசுவார். என் பக்கத்தில் நின்ற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் எல்லோரும் தலையை லேசாகத் தாழ்த்தி உட்கார்ந்தார்கள்.

அந்தக் கண்ணீர் நடிப்பில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. நான் வருவதற்கு முந்திய ஆண்டு, 1992 மே மாதம், அந்த நகரத்தில் ராணுவம் மக்களைச் சுட்டிருந்தது. மே 20 இரவு பிரதமர் சுசிந்தாவும் போராட்டத் தலைவர் சாம்லோங்கும் மன்னர் முன் தரையில் மண்டியிட்டு அமர்ந்திருக்க, அவர் இருவரையும் கண்டித்துப் பேசியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சுடுவது நின்றது. எங்கள் கடையில் வேலை பார்த்த தாய்ப் பெண்கள் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

ஊரிலிருந்து வந்த பையன்களுக்கு வேறொரு தயக்கம் இருந்தது. படத்தில் தெரியும் அரசருக்கு எழுந்து நிற்பது மார்க்கத்தில் கூடுமா? இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் இதைப் பற்றிப் பேச்சு நீளும். காக்கா சுருக்கமாக முடிப்பார். "ருக்கூவும் சஜ்தாவும் அல்லாஹ்வுக்கு. எந்திரிச்சு நிக்கிறது மனுசனுக்கு. வீட்டுக்குப் பெரியவங்க வந்தா நீ எந்திரிக்க மாட்டியா? தலையத் தாழ்த்துறது அவங்க ராஜாவுக்கு அவங்க செய்யறது, அத நீ செய்ய வேணாம்." அதனால் நாங்கள் நின்றோம், தலை தாழ்த்தவில்லை. எந்தத் தாய்க்காரரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

என் வாப்பா இதைக் கேட்டால் நம்ப மாட்டார். சீனப் போருக்குப் பிறகு நம் சினிமாக்களில் படம் முடிந்ததும் கொடி பறக்க ஜன கண மன போடுவார்கள். திருநெல்வேலியில் படம் பார்த்த நாட்களைச் சொல்லும்போது, வில்லன் கைதானதும் கூட்டம் கதவைப் பார்க்க ஓடும், கொடிக்கு நின்றது பத்துப் பேர் இருந்தால் அதிகம் என்பார். எழுபதுகளில் அந்த வழக்கமும் தேய்ந்து போனது. ஸ்காலாவில் ஆயிரம் பேர் அசையாமல் நிற்கும் நடுவே நின்றபோது எனக்கு எங்கள் நாட்டை நினைத்து ஓர் ஏக்கம் வந்தது உண்மை. இப்படி நிற்க நம்மவர்கள் கற்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அந்த ஏக்கத்தை முதலில் அசைத்தது 2007இல் நடந்த ஒன்று. பாங்காக் சினிமா அரங்கு ஒன்றில் அரச கீதத்துக்கு ஓர் இளைஞரும் அவருடைய தோழியும் எழவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பாப்கார்னை வீசினார்கள், வாக்குவாதம் முற்றியது, காவல் நிலையம் வரை போனது. அவர் மேல் 112ஆம் பிரிவில் விசாரணை நடந்தது. 2012இல்தான் வழக்கு நடத்துவதில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் முடிவு செய்தார்கள். ஐந்து ஆண்டுகள் ஒரு மனிதன் தலைமேல் கத்தி தொங்கியது. கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது காக்கா கோபப்பட்டார். இளைஞர் மேல் அல்ல, வீசியவர்கள் மேல். "பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போது கையை அசைச்சது யாரு? உக்காந்திருந்தவனா, வீசினவனா?" தாய்ப் பெண்கள் இருந்ததால் தமிழில்தான் சொன்னார். எங்கள் கருத்தை அவர்கள் முன் வைப்பது எங்கள் வேலையில்லை என்று நினைத்தார். இன்றும் அது சரியென்றுதான் எனக்குப் படுகிறது.

2016 அக்டோபர் 13 அன்று பூமிபோல் மன்னர் இறந்தார். நகரம் கறுப்பு உடுத்தியது. அக்டோபர் 22 அன்று அரண்மனைக்கு எதிரே சனாம் லுவாங் திடலில் கடல்போல் மக்கள் கூடி அரச கீதத்தைப் பாடினார்கள். எங்கள் கடை ஆட்கள் எல்லோரும் போனார்கள். நானும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். அன்று பாட்டு எனக்கு முழுதும் தெரியும், ஆனாலும் வாய் திறக்கவில்லை. தங்கள் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள்போல் அவர்கள் அழுத இடத்தில் என் குரல் எதற்கு?

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாத் திரையரங்குகளிலும் படத்துக்கு முன் ஜன கண மன ஒலிக்க வேண்டும், கதவுகளை அடைக்க வேண்டும், எல்லோரும் நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த சில நாட்களில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் வெளிநாட்டு விருந்தினர்களுக்காக விலக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. நான் ஸ்காலாவில் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அது எப்படியிருக்கும் என்று அடுத்த ஆண்டு சென்னையில் பார்த்தேன்.

சந்தபுரியைச் சேர்ந்த தாய் நண்பர் ஒருவர் ஜெய்ப்பூர் போகும் வழியில் என்னோடு சென்னையில் தங்கினார். தமிழ்ப் படம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அரங்கில் கொடி வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே எழுந்தார். கைகள் பக்கவாட்டில், பார்வை திரையில், மூச்சுக்கூடத் தெரியவில்லை. காக்கா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் ஐம்பத்திரண்டு நொடியும் பின்னால் திரும்பித் திரும்பி யார் எழவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் முழங்கால் வலிக்காரர்போல் தெரிந்த ஒருவர் தடுமாறி எழுந்தார். படம் முடிந்து வெளியே வந்ததும் நண்பர் கேட்டார்: "முன்னால் இருந்தாரே, அவர் பாட்டைக் கேட்கவே இல்லையே?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கோவாவில் சக்கர நாற்காலியில் வாழும் எழுத்தாளர் ஒருவரை, எழவில்லை என்று பின்னாலிருந்து அடித்ததும் அந்த 2016இல்தான். சட்டப்படி பார்த்தால் 1971 சட்டம் தண்டிப்பது பாட்டைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும். பாடாமல் மரியாதையாக நின்ற கேரளத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986லேயே நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதியிருக்கிறார். நின்றாலே மரியாதை, பாடியே தீர வேண்டும் என்பதில்லை. நல்ல வேளை, 2018 ஜனவரி 9 அன்று நீதிமன்றமே திரையரங்கு உத்தரவைத் தளர்த்தி, பாட்டுப் போடுவதை அரங்கின் விருப்பத்துக்கு விட்டது.

நண்பருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. மன்னர் இல்லாத நாட்டில் திரையில் யாருக்கு நிற்கிறீர்கள்? கொடிக்கு என்றேன். பாட்டை எழுதிய தாகூரைப் பற்றிச் சொன்னேன். 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரசில் முதலில் பாடியது, அவருடைய இன்னொரு பாட்டு வங்கதேசத்தின் கீதமானது. அவர் 1927இல் பாங்காக் வந்திருக்கிறார் என்றதும் நண்பர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் எங்கள் ஊர் பார்த்தவர் பாட்டுக்குத்தான் நின்றேன்" என்றார். அவர் நின்றதில் எந்த ஆணையும் இல்லை. என் நாட்டுக்காரர்கள் சிலர் நின்றதில் அது இருந்தது.

எங்கள் பாட்டுக்கு அவர்கள் நின்றதை இன்னொரு முறையும் பார்த்தேன். 2019 ஜூன், புரிராம் நகரில் கிங்ஸ் கோப்பைக் கால்பந்து. மூன்றாம் இடத்துக்கு இந்தியாவும் தாய்லாந்தும். ஜன கண மன ஒலித்தபோது நீலச் சட்டைத் தாய் ரசிகர்கள் அரங்கம் நிறைய எழுந்து மௌனமாக நின்றார்கள். நான் என்னையறியாமல் உரக்கப் பாடினேன். ஆட்டத்தில் இந்தியா ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது. வெளியே வரும்போது பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் கையெடுத்து வணங்கிவிட்டுப் போனார்.

பிறகு 2020 வந்தது. என் மகள் பாங்காக்கில் பிறந்து தாய்ப் பள்ளியில் படித்தவள், இந்தியக் கடவுச்சீட்டு. மழலை வகுப்பிலிருந்து தினமும் எட்டு மணிக்குக் கொடிக்கம்பத்தின் முன் நின்று பாடியிருக்கிறாள். ஜன கண மனவை அவள் பாடியது ஆகஸ்ட் பதினைந்துக்குத் தூதரகம் போகும் ஆண்டுகளில் மட்டும். அந்த ஆகஸ்டில் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை ரிப்பன் கட்டி, கொடியேற்றும்போது மூன்று விரல் உயர்த்தி அரசாங்கத்துக்கு எதிர்ப்புக் காட்டத் தொடங்கினார்கள். ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் கேட்டாள்.

"வாப்பா, நாளைக்கு எங்க வகுப்புல எல்லாரும் விரல் காட்டப் போறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

அவள் உம்மா என் முகத்தைப் பார்த்தாள். தோழிகள் அத்தனை பேரும் ஒரு பக்கம். விசாவும் கடையும் எங்கள் வாழ்க்கையும் ஒரு பக்கம். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது: அது அந்தப் பிள்ளைகளின் நாடு, அதை எப்படி ஆள வேண்டும் என்று சொல்ல அவர்களுக்குத்தான் உரிமை. அதில் சேர்ந்து விரல் தூக்குவதும் எங்கள் உரிமையல்ல, தூக்கியவர்களைக் குறை சொல்வதும் எங்கள் உரிமையல்ல.

"நீ எப்பவும் போல நில்லு. யாரு தூக்கினா, யாரு தூக்கலேன்னு எண்ணாதே. யாராவது கேட்டாலும் பேரு சொல்லாதே."

"பாடலாமா?"

காக்கா எனக்குச் சொன்னது பாடாதே என்று. ஆனால் இவளுக்கு அது வராத பாட்டு இல்லையே. பாடு என்றேன்.

மறுநாள் வந்து சொன்னாள்: விரல் தூக்கியவர்களும் குரலெடுத்து முழுதாகப் பாடினார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. அந்தப் பிள்ளைகள் தங்கள் நாட்டை வெறுக்கவில்லை. வெறுக்கிறார்கள் என்று அன்று பெரியவர்கள் பலர் பேசினார்கள். நான் அதை நம்பவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் ஸ்காலா கடைசிக் காட்சியோடு மூடியது, அடுத்த ஆண்டு இடித்தார்கள். வெளியூர் ரயில்கள் பெரும்பாலும் பழைய ஹுவா லம்போங் நிலையத்தை விட்டு 2023 ஜனவரியில் பாங்சூவின் புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. காக்கா ஊரில் அடக்கமாகிவிட்டார். இப்போது புதிதாக வரும் பையன்கள் என்னைக் காக்கா என்கிறார்கள்.

அவர்களை அழைத்துக்கொண்டு வணிக வளாகத்துச் சினிமாவுக்குப் போனால் காட்சியே வேறு. எழுத்து திரையில் வருகிறது, அரச கீதம் ஒலிக்கிறது, இளைஞர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். சிலர் போன் பார்க்கிறார்கள், சிலர் பேசாமல் திரையைப் பார்க்கிறார்கள். யாரும் எதையும் வீசுவதில்லை. எழுந்து நிற்பது சில முதியவர்களும், வழிகாட்டிப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்த வெள்ளைக்காரப் பயணிகளும், நாங்களும். உள்ளூர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அந்நியர்கள் நிற்கிற காலம் இது. எங்கள் கடையில் என் கூடவே வயதானவர் ஒரு தாய் அம்மாள். 1992 இரவைக் குரல் தாழ்த்திச் சொன்னவர்களில் ஒருவர். அவரும் மகனும் வந்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். அவர் எழுந்தார். மகன் எழவில்லை, அம்மாவின் கைப்பையையும் பாப்கார்னையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பாட்டு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தான். இருவருக்கும் இடையே ஒரு சொல் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. இந்த நாடு இதை எப்படித் தீர்த்துக்கொள்ளும் என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு இருக்கைகளைத்தான் காட்டுவேன்.

புதுப் பையன் ஒருவன் கேட்டான்: "யாருமே நிக்கலியே காக்கா. நாம மட்டும் எதுக்கு?"

நான் பின்கட்டில் கற்றதை அவனுக்குச் சொன்னேன். இந்தக் காலத்துக்குச் சிலது சேர்க்க வேண்டியிருந்தது. கண் திரையில் இருக்கட்டும், பக்கவாட்டில் போகக் கூடாது. உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுக்காதே, நிற்பவரையும் எடுக்காதே. உனக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு மறைக்கிறதே என்று சங்கடப்படாதே, ஒரு நிமிடம்தான். யாராவது உன்னிடம் யார் பக்கம் என்று கேட்டால், வெளியூர்க்காரன் என்று சொல்லு. ரயில் நிலையத்தில் எட்டு மணிக்கு நின்றால் இன்னும் நிறையப் பேர் உன்னோடு நிற்பார்கள். அங்கே இந்தக் கேள்வியே வராது.

என் மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது வேலைக்குப் போகிறாள். சினிமாவுக்குத் தோழிகளோடு போனால் அரச கீதம் முடியும் வரை வெளியே நின்றுவிட்டு, விளக்கு அணைந்த பிறகு உள்ளே போகிறாள். அவள் தோழிகளில் பலர் இப்படித்தான் செய்கிறார்களாம்.

"நின்னாலும் ஒரு பக்கம் சேர்ந்துடறோம், உக்காந்தாலும் சேர்ந்துடறோம் வாப்பா. நீங்க நிக்கிறதப் பாத்தா அந்தப் பையனுக்கு, இவங்க நமக்கு எதிர்னு தோணாதா? நீங்க அவங்க அம்மாவுக்காக நிக்கிறீங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். ஆனால் அவன் அம்மாவுக்குத் தெரியும் என்றேன். அம்மாவுக்குத் தெரிவது மட்டும் போதுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். எனக்கு அவள் வழி பிடிக்கவில்லை. பாட்டு ஒலிக்கும்போது கதவுக்கு வெளியே காத்திருப்பது எனக்கு ஒளிந்துகொள்வதாகப் படுகிறது. அவளுக்கு என் வழி, ஒரு காலத்தில் எல்லோரும் நின்றதால் மட்டுமே சரியாக இருந்த வழி. போன வாரமும் இதைப் பேசினோம். வரும் சனிக்கிழமை இருவரும் ஒரு படத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறோம். எப்போது உள்ளே போவது என்று இன்னும் முடிவாகவில்லை.